இடுகாட்டில் விற்ற புல் மெஷின்

பழுதான புல் வெட்டும் மெஷின்களை வாங்கி, சரி செய்து விற்கிறேன். பொழுதுபோக்குதான். சோறு போடுவது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை. அங்கே கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்கள் நின்றுபோனால் மறுபடி ஓட வைப்பது என் வேலை. விடுமுறை நாளில் வீட்டு முன்புறம், கார் நிறுத்தும் இடத்தில் குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யாரோ கெடுத்து வைத்த மெஷினைப் பிரித்துப் போடுவேன். ஐம்பது வயதைத் தாண்டிய பொம்பளைக்கு இதென்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஆனால் இந்த மெஷின்களில் ஒன்றால்தான் என் அண்ணன் தீபாவளிக்கு முன்னால் பினாங்குக்கு வருவதை நிறுத்தினான். அதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். ஜொகூர் பாருவில் இருக்கிறான். விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிற ஆயிரக்கணக்கான ஆட்களில் ஒருவன். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது. போன் அடித்தால் "பசியாறியாச்சா?" என்பான். "ஆச்சு" என்பேன். "அங்க மழையா?" என்பான். "இல்ல" என்பேன். "சரி பாப்பா, வெக்கிறேன்." இவ்வளவுதான். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க அவருக்குத் தெம்பு இருக்காது. எங்களுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது.

அம்மாவை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டோம். அப்பாவைப் புதைத்தோம். அவருக்கு நெருப்பு பிடிக்காது என்று அம்மா சொன்னதால் அப்படிச் செய்தோம். ஆகவே எங்கள் இருவருக்கும் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. எங்கள் ஊர்களில் தீபாவளிக்கு முந்திய ஞாயிறுகளில் இடுகாடு சந்தை மாதிரி இருக்கும். குடும்பம் குடும்பமாக வந்து புல்லை வெட்டி, கல்லைக் கழுவி, பூ வைத்து, செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டுப் போவார்கள். கோழிக் கறி வைப்பவர்கள் இருக்கிறார்கள். சிகரெட் கொளுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு ஒரு போத்தல் கறுப்பு பீரும் முறுக்கும்.

அதற்காக அண்ணன் வருடம் தவறாமல் வருவான். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, விடியும்போது பினாங்கில் இறங்குவான். வந்ததும் குளிக்கக்கூட மாட்டான். நேராக இடுகாட்டுக்குப் போய்விடுவோம். மழைக்காலப் புல் இடுப்பளவு நிற்கும். எல்லாம் லாலாங். அறுத்தால் கையை அறுக்கும் புல் அது. வேரைத் தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த மாதமே முளைத்து நிற்கும். நடுவில் தொட்டாற்சுருங்கி முள் வேறு. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு அரிவாளோடு குந்தி உட்கார்ந்து, கல்லின் தலைமாட்டிலிருந்து ஆரம்பித்து, பக்கத்துப் பக்கத்தில் நகர்ந்துகொண்டே வெட்டுவோம். பாதி நாள் ஓடிவிடும்.

அந்தப் பாதி நாளில்தான் அண்ணன் பேசுவான்.

முகத்தைப் பார்க்க மாட்டான். புல்லைப் பார்த்துக்கொண்டே பேசுவான். மகள் தன்னோடு பேசுவதில்லை என்பதை அங்கேதான் சொன்னான். மேலதிகாரி ஒருவன் தன்னை எல்லார் முன்னாலும் கழுதை என்று திட்டியதை அங்கேதான் சொன்னான். ஒரு வருடம், "பாலத்துல மோட்டோ ஓட்டும்போது கை நடுங்குது பாப்பா. லோரி உரசிக்கிட்டுப் போவுது. ஒருநா விழுந்துருவேன்னு தோணுது" என்றான்.

"அப்ப வேலைய விடு."

"விட்டா யாரு சோறு போடுவா? நீ போடுவியா?"

"போடுறேன். வந்து எங்க வீட்ல பாத்திரம் கழுவு."

அவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அடுத்த கல்லில் இருந்த குடும்பமே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, கோபமாகத்தான் வார்த்தை வரும். அவனுக்கு அது போதுமாக இருந்தது. இன்னொரு வருடம், சின்ன வயதில் அப்பாவிடம் எனக்குப் பதிலாக அவன் வாங்கிய அடியைப் பற்றிச் சொன்னான். நான் அதை மறந்தே போயிருந்தேன். அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிடி புல்லை அறுத்துப் போட்டுவிட்டு, "நல்ல அடி" என்றான். அதோடு சரி.

இதெல்லாம் அந்தப் புல்லுக்குள் குந்தி இருந்ததால் வந்த பேச்சு என்று எனக்கு அப்போது தெரியாது. வருடத்துக்கு ஒரு நாள் அண்ணன் வருகிறான், அதனால் பேசுகிறான் என்று நினைத்திருந்தேன். மடச்சி.

பிறகு பெருந்தொற்றும் நடமாட்டக் கட்டுப்பாடும் வந்தன. மாநிலம் விட்டு மாநிலம் போக முடியாது. பாலத்தையும் மூடிவிட்டார்கள், இடுகாட்டையும் பூட்டிவிட்டார்கள். அண்ணன் வேலையில்லாமல் வீட்டிலேயே கிடந்தான். என் தொழிற்சாலை ஓடியது, ஆனால் ஆட்களைப் பாதியாகக் குறைத்து முறை போட்டார்கள். முன்பில்லாத அளவுக்கு நாட்கள் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் எனக்குக் கோபம் வரும். என் வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். அவரும் வீட்டில் இருந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் நாள் முழுக்க இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் ஒருவர் தரை வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போனார். பத்தாவது மாடியில் புல் ஏது? தள்ளிக்கொண்டு போகும் நான்கு சக்கர மெஷினைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நான் அதை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தேன். கயிற்றை இழுத்தால் இழுத்த இடத்திலேயே நின்றது. பிரித்துப் பார்த்தேன். பெட்ரோலைத் தொட்டிக்குள் விட்டு மாதக்கணக்கில் அப்படியே வைத்திருக்கிறார்கள். அது கார்புரேட்டரில் கெட்டியாகிப் பழைய பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. எக்சாஸ்டில் பல்லி முட்டை. எல்லாவற்றையும் கழுவி, ஓட்டைகளை மெல்லிய கம்பியால் குத்தி, பிளக்கை மாற்றி, மறுபடி கயிற்றை இழுத்தேன். புகை கக்கிக்கொண்டு ஓடியது. என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "ஏய், வீடு பத்திக்கிச்சா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல மாட்டேன், சிரிப்பீர்கள்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. பழைய இரும்புக் கடை முதலாளி, சீனத் தவுக்கே, எனக்காக மெஷின்களை ஒதுக்கி வைக்க ஆரம்பித்தார். முதுகில் மாட்டிக்கொண்டு வெட்டும் மெஷின்தான் அதிகம் வரும். அதில் எண்ணெயைக் கலந்துதான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். சோம்பேறிகள் வெறும் பெட்ரோலை ஊற்றுவார்கள், உள்ளே பிஸ்டன் காய்ந்து சுவரில் இழுபட்டுச் செத்துப்போகும். அந்த மாதிரி மெஷினைப் பார்த்தால் எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவில்லை. மெஷின் கெட்டுப்போவதே இல்லை. மனிதர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள். செத்துப்போன இரண்டிலிருந்து உயிரோடு ஒன்றை உண்டாக்குவேன். இதன் தலை, அதன் கால். பிறகு பேஸ்புக்கில் படம் போடுவேன்.

வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்று, முதலாளியைத் தேடி என் தலைக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

"அக்கா, போஸ் இல்லையா?"

"நான்தான் போஸ்."

"இல்லக்கா, மெஷின் செய்யுறவரு..."

"செய்யுறவரு உள்ள தூங்குறாரு. எழுப்பினா உங்கள வெட்டுவாரு. மெஷின் வேணுமா, வேணாமா?"

என் வீட்டுக்காரர் உள்ளே படுத்துக்கொண்டே சிரிப்பார்.

விற்பதில் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். வாங்குகிறவர் தன் கையால் கயிற்றை இழுத்து, மெஷினை ஓட்டி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாய்க் கரையில் கொஞ்சம் புல்லை வெட்டிக் காட்ட வேண்டும். எண்ணெய் கலக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒப்பிக்க வேண்டும். முடியாது என்றால் விற்க மாட்டேன். இவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்ததை ஒரு மடையன் வாரத்தில் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. இதில் எனக்குப் பெருமை உண்டு. இந்தப் பெருமைதான் எனக்கு வினையாக முடிந்தது.

மாநில எல்லைகளைத் திறந்ததும் அண்ணன் போன் அடித்தான். வழக்கத்தைவிட நீளமாகப் பேசினான்.

"இந்த வருஷம் வர்றேன் பாப்பா. ரெண்டு வருஷத்துப் புல்லு. காடா கெடக்கும்."

"கெடக்கும்."

"சீக்கிரமே போயிருவோம். மத்தியானம் வரைக்கும் ஆவும். ரெண்டு அருவாளையும் தீட்டி வெச்சிருக்கேன்."

"சரிண்ணே."

எனக்குள் சிரித்துக்கொண்டேன். அரிவாளாம். அப்போது என்னிடம் ஒரு மெஷின் இருந்தது. முதுகில் மாட்டுவது. நான் சரி செய்ததிலேயே நல்லது அதுதான். ரப்பர் ஜவ்வு எல்லாம் புதிது, ஒரே இழுப்பில் ஓடும். புல்லை வெட்டும் நைலான் கயிற்றைக் கழற்றிவிட்டு இரும்புத் தகடு மாட்டினால் லாலாங் காடு வெண்ணெய் மாதிரி விழும். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வருகிற மனிதன், வயது ஐம்பத்தைந்துக்கு மேல், எதற்குக் குந்தி உட்கார்ந்து கஷ்டப்பட வேண்டும்? வந்து பார்த்தால் அசந்துபோவான். தங்கச்சி கெட்டிக்காரி என்பான். அப்படித்தான் நினைத்தேன். அவனுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரை பஸ் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, நான் மெஷினை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு முன்னதாகவே இடுகாட்டுக்குப் போனேன். கல்லே தெரியவில்லை. அப்பாவை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது. மாட்டினேன், இழுத்தேன், வெட்டினேன். ஒரு பாட்டுக்கு ஆகும் நேரத்தில் கல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் மொட்டை. வேரைத் தோண்டவில்லை, மெஷினுக்கு வேர் தெரியாது. ஆனால் பார்க்கச் சுத்தமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தான். மெதுவாக நடப்பதைப் பார்த்தேன். பஸ் களைப்பு என்று நினைத்தேன்.

கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்க பாப்பா புல்லு?"

"வெட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். மெஷின் இருக்குல்ல."

அவன் மெஷினைப் பார்த்தான். பிறகு பைக்குள் கை விட்டு நாளிதழில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தான். "ரெண்டு அருவாளோட பஸ்ஸுல வந்திருக்கேன். டிரைவர் பாத்திருந்தா போலீஸுக்குப் போன் அடிச்சிருப்பான்" என்றான். என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணனும் சிரித்தான். பொட்டலத்தை மறுபடி பைக்குள் வைத்தான்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கல்லைக் கழுவிக்கொண்டாவது பேசியிருப்போம். ஆனால் இரண்டு கல் தள்ளி ஒரு அம்மா நின்றிருந்தார். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாம் புல்லுக்குள் தவித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெட்டியதை அந்த அம்மா பார்த்திருக்கிறார்.

"ஏம்மா, அந்த மெஷினு வாடகைக்கா?"

"இல்லம்மா. விக்கிறதுதான். நானே செஞ்சது."

விக்கிறதுதான் என்று ஏன் சொன்னேன்? அன்றைக்கு விற்கவா கொண்டுபோனேன்? வாய் தானாகச் சொன்னது. நானே செஞ்சது என்று சொல்லும் ஆசை.

"எங்க மருமவனுக்கு ஓட்ட வருமா? அவரு சோத்துத் தட்டத் தூக்குனாலே கை வலிக்குதும்பாரு."

"அத்தே..." என்றார் மருமகன்.

"என்னா அத்தே? உள்ளதத்தான சொல்றேன்."

நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். அவர் முதுகில் மாட்டிவிட்டேன். கயிற்றை இழுக்கச் சொன்னேன். அவர் பூப்பறிக்கிற மாதிரி இழுத்தார். "வேகமா இழுங்க தம்பி" என்றேன். மாமியார், "கல்யாணம் கட்ட மட்டும் வேகமா ஓடியாந்தாரு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆட்கள் கூடினார்கள். மெஷின் ஓடியது. அவர் அவர்களுடைய புல்லை வெட்டினார். நான் பக்கத்தில் நின்று தகட்டைத் தரையில் உரசாதீர்கள், கல்லில் படாதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு குடும்பத்தார் விலை கேட்டார்கள். எண்ணெய் கலக்கச் சொல்லிக் கொடுத்தேன். என் பழக்கப்படி ஒப்பிக்கச் சொன்னேன். அவருக்கு நினைவில் நிற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து.

நடுவில் ஒரு முறை அண்ணன் வந்து எனக்குப் பின்னால் நின்றான்.

"பாப்பா, ஒனக்கு ஒண்ணு..."

"இருண்ணே. ஒரு நிமிஷம். இவருக்கு இத முடிச்சிட்டு வந்துர்றேன்."

அவன் திரும்பிப் போனான். நான் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரம் முடிந்து நான் திரும்பி வந்தபோது அண்ணன் கல்லைத் தனியாகவே கழுவி முடித்திருந்தான். பூ வைத்து, முறுக்கு வைத்து, பீரை ஊற்றியும் ஆயிற்று. ஊதுபத்தி பாதி எரிந்திருந்தது. பக்கத்துக் கல்லின் விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எனக்காக இருந்திருக்கலாம்ல?"

"வெயில் ஏறுது. அப்பா எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருப்பாரு" என்றான். பிறகு, "வித்துட்டியா?" என்றான்.

"வித்துட்டேன்."

"நல்ல வெலைக்கா?"

"ம்."

"நல்லது."

கும்பிட்டோம். வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டான். ராத்திரி பஸ்ஸில் போவதுதான் வழக்கம். அன்று மத்தியான பஸ்ஸுக்கே டிக்கெட் மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். "வேலை முடிஞ்சிருச்சில்ல" என்றான். என்னவோ சொல்ல வந்தாயே என்று நான் கேட்கவில்லை. மறந்துவிட்டது. விற்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

அவனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது என் வீட்டுக்காரர், "மச்சான் பாவம். சும்மாவே உக்காந்திருந்தாரு" என்றார்.

"சும்மா உக்காந்திருந்தா என்ன? ராத்திரியெல்லாம் பஸ்ல வந்த மனுசன். ரெஸ்ட் எடுக்கட்டும்."

அந்த மனிதருக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை.

அடுத்த வருடம் அண்ணன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். அதற்கடுத்த வருடம் கேட்டேன். "நீதான் மெஷின் வெச்சிருக்கியே பாப்பா. அஞ்சு நிமிஷ வேல. அதுக்கு நான் அங்கேருந்து வரணுமா?" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. போனை வைத்த பிறகு அவனைத் திட்டினேன். வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வெட்டாதே, நான் வந்து வெட்டுகிறேன், உன்னோடு பேச வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நானென்ன சாமியா, மனதில் இருப்பதைப் படிக்க? தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் என்ன கோளாறு என்று திரையில் எழுத்து வரும். மனிதனுக்கு அப்படி வருவதில்லை. வாயிருந்தும் சொல்லாதவனை என்ன செய்வது?

இப்படியெல்லாம் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டித் தீரவில்லை. ஏனென்றால் அவன் சொல்ல வந்தான். இரு என்று சொன்னது நான்.

போன வருடம் ஒரு முடிவுக்கு வந்தேன். தீபாவளிக்கு முன்னால் மெஷினைத் தொடவில்லை. இடுகாட்டுப் பக்கமே போகவில்லை. அண்ணனுக்குப் போன் அடித்து நேராகவே சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அண்ணே, இந்த வருஷம் நான் வெட்டல. வெட்டவும் மாட்டேன். அப்பா புல்லுக்குள்ள கெடக்குறாரு. நீ வந்தாத்தான் உண்டு."

"மெஷின் கெட்டுப்போச்சா?"

"கெடல. நல்லாத்தான் இருக்கு. நீ வா. ரெண்டு பேரும் கையால வெட்டுவோம்."

"முடியாது பாப்பா. முட்டி போச்சு. குந்தவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. கக்கூஸ்கூட மாத்தியாச்சு."

"எப்பலேர்ந்து?"

"அது ஆச்சு. அன்னைக்கு அருவாளோட வந்தேன் பாரு, அப்பவே வலிதான். ஆப்பரேஷன் செய்யுறதுக்கு முன்னால இன்னும் ஒரு தரம் வெட்டிரலாம்னு வந்தேன்."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தேன். பிரித்துப் போட்ட மெஷின் ஒன்று முன்னால் கிடந்தது. அன்றைக்கு அவன் மெதுவாக நடந்து வந்ததும், பக்கத்துக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனால் குந்த முடிந்த கடைசி வருடம் அது. அந்தப் புல்லை நான் அவனுக்கு முன்னால் போய் வெட்டி எறிந்துவிட்டேன். ஒரு பாட்டு நேரத்தில்.

"அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே. நான் மெஷின் வித்துக்கிட்டிருந்தப்ப. இதத்தானா?"

"எப்ப?"

"எனக்குப் பின்னால வந்து நின்ன. ஒனக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்ச."

"நெனவில்ல பாப்பா" என்றான். உண்மையாகவே நினைவில்லையா, அல்லது இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டானா, தெரியாது. குரலை வைத்து எனக்குக் கண்டுபிடிக்க வராது. "ஆளு வெச்சு வெட்டிரு. இல்ல மெஷின்லயே வெட்டிரு. அப்பாவ அப்படிப் போட்டு வெக்காத."

"நீ வந்து சும்மா உக்காரு. நான் வெட்டுறேன்."

"சும்மா உக்கார்றதுக்கா ஜொகூர்லேர்ந்து வருவாங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று போய் மெஷினிலேயே வெட்டினேன். வேறென்ன செய்வது?

இப்போதும் மெஷின்களை வாங்குகிறேன், விற்கிறேன். அதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பொய். மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது வெட்டச் சொன்னதை வெட்டியது. இடுகாட்டில் மட்டும் யார் விலை கேட்டாலும் விற்பதற்கில்லை என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

இந்த வருடம் அண்ணன் வருவானா என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரையும் கூட்டிப் போகவில்லை. தனியாகப் போய் வெட்டினேன், கழுவினேன், படைத்தேன். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருப்பான்.

"பசியாறியாச்சா?" என்றான்.

"இன்னும் இல்ல. அப்பாகிட்ட இருக்கேன்."

"ஓ. வெட்டப் போறியா?"

"வெட்டியாச்சு. படைச்சும் ஆச்சு."

"அதுக்குள்ளயா?"

ஆமாம் என்றேன். சரி என்றான். அடுத்து 'வெக்கிறேன்' என்பான் என்று தெரியும்.

"வெக்காதண்ணே" என்றேன்.

"ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. போன சும்மா காதுலயே வெச்சிரு."

அவன் வைக்கவில்லை. அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நான் ஏதாவது கேட்கலாம் என்று பார்த்தேன். மகள் பேசுகிறாளா, முட்டி எப்படி இருக்கிறது, இன்னும் பாலத்தில் மோட்டோ ஓட்டுகிறாயா. எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் 'ம்' என்றோ 'பரவால்ல' என்றோ சொல்லியிருப்பான். போனில் அவனுக்கு அவ்வளவுதான் வரும். எனக்கும் அவ்வளவுதான் வரும். அவன் மூச்சு விடுவது கேட்டது. இரண்டு கல் தள்ளி ஒரு குடும்பம் பாய் விரித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணி சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது.

"கூப்புடுறா பாப்பா" என்றான்.

"போய்ச் சாப்புடு" என்றேன்.